தீவக இயந்திரங்களின் இரைச்சலும் தொழிலாளரின் செவிப்புலனும்

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குப் படகேறியவர்கள் அந்தப் பயணத்தின் ஓசையை எளிதில் மறக்கமாட்டார்கள். மரப்படகின் அடித்தட்டில் பயணிகள் நெருக்கமாக அமர்ந்திருப்பர். அவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் டீசல் இயந்திரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அருகில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசவேண்டுமானால் காதோடு வாய்வைத்துக் கத்தவேண்டும். ஏறக்குறைய இருபது நிமிடங்களில் கரை வந்துவிடும். ஆலயத்துக்குச் செல்வோரும் விகாரைக்குச் செல்வோரும் ஊர் திரும்புவோரும் இறங்கி நடக்கத் தொடங்கியதும் அந்த இரைச்சலை மறந்துவிடுகின்றனர். இயந்திரத்துக்கு அருகில் நிற்பவருக்கோ அது மறக்கக்கூடியதன்று. அவர் அடுத்த பயணத்துக்காக அங்கேயே நிற்கிறார். ஆனி மாதத்தில் நாகபூஷணி அம்மன் ஆலய மகோற்சவம் நடைபெறும் நாட்களில் அவர் எத்தனை தடவை போய்வருகிறார் என்பதை யாரும் கணக்கிடுவதில்லை.

இந்தக் கணக்கிடப்படாத இரைச்சலைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. தீவகத்தில் பெருந்தொழிற்சாலைகள் இல்லை. ஆகவே தொழிற்சாலை இரைச்சல் என்பது இப்பகுதிக்குப் பொருந்தாத விடயம் என்று கருதுவோர் உண்டு. அந்தக் கருத்து சரியானதன்று. வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகிய பகுதிகள் தேசிய மின்வலையமைப்புடன் இணைக்கப்பட்டவை. கடலால் முற்றாகப் பிரிக்கப்பட்ட நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்கு அந்த இணைப்பு இல்லை. இத்தீவுகளில் ஒவ்வொன்றும் தனக்கென அமைந்த சிறு மின்நிலையத்தையே நம்பி வாழ்ந்து வந்துள்ளது. ஒரு கட்டடம், தகரக்கூரை, கொன்கிறீற் தரை, அதன்மீது டீசல் மின்பிறப்பாக்கிகள், அவற்றைக் கண்காணிக்கக் கடமை நேரம் மாறி மாறி வரும் ஊழியர்கள். இதைத் தொழிற்சாலை என்று அழைக்காமல் வேறு எவ்வாறு அழைப்பது? தீவுகளின் பனிக்கட்டி ஆலைகள், அரைக்கும் ஆலைகள், கடல்நீரை நன்னீராக்கும் நிலையங்களின் உயரழுத்தப் பம்பிகள், படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகள் என்பவற்றையும் இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். காரைநகரில் நோர்வே நாட்டின் உதவியுடன் உருவாகிப் போர் ஆண்டுகளில் முடங்கிப்போன சீநோர் படகுத் தளத்தை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பர். கண்ணாடி இழைப் படகொன்றின் விளிம்பை அரைவை இயந்திரத்தால் வெட்டிச் சீராக்கும்போது எழும் கூச்சலைக் கேட்டவர்களுக்கு, தீவகத்தில் தொழில் இரைச்சல் உண்டா என்ற கேள்வியே எழாது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் பல ஆண்டுகளின் பின்னர் மீண்டு வந்த முஸ்லிம் குடும்பங்களிலும் பழைய இரும்பு வெட்டுதல், உலோகம் ஒட்டுதல் போன்ற வேலைகளில் பிழைப்பவர்கள் இருக்கின்றனர். அவர்களது பட்டறைகளுக்கும் இது பொருந்தும்.

வடக்கில் மின்நிலையம் ஒன்றைப் பற்றிய பொதுவிவாதம் எழுந்தபோதெல்லாம் அது வேலிக்கு வெளியே வாழ்வோரைப் பற்றியதாகவே இருந்திருக்கிறது. சுன்னாகம் விவகாரத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தமை தொடர்பாகத் தாக்கல் செய்யப்பட்ட அடிப்படை உரிமை மனுவில் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், மின் உற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாவைச் செலுத்தவேண்டும் எனக் கட்டளையிட்டது. சுற்றாடல் உரிமைக்கான போராட்டங்களில் அது ஒரு மைல்கல் என்பதில் ஐயமில்லை. அங்கு பேசப்பட்டவை ஊர்மக்களின் கிணறுகள். அவை பேசப்பட வேண்டியவையே. எனினும் அதே இயந்திரங்களின் அருகில் நாள்தோறும் நின்றவர்களின் உடல்நலம் நமது பொதுவிவாதத்தில் இடம்பெறவில்லை என்பதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

சட்டமும் இதே நோக்குடன்தான் அமைந்துள்ளது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996ஆம் ஆண்டில் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வெளியிடப்பட்டன. பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். நகரப் பகுதிகளில் 63, 50. கைத்தொழிற் பேட்டைகளில் 70, 60 என அவை எல்லை வகுத்தன. இந்த அளவுகள் தொழில் வளாகத்தின் எல்லையில் எடுக்கப்படுவன. அயலவர் உறக்கத்தைக் காப்பது அவற்றின் நோக்கம். ஆகவே ஒரு மின்நிலையத்தின் வேலியோரத்தில் அளவீட்டுக் கருவி 50 டெசிபல் காட்டினால், உள்ளே இயந்திரத்தின் அருகில் நிற்பவரின் செவியில் 100 டெசிபல் விழுவதை இந்த விதிகள் கேள்விக்குட்படுத்தமாட்டா. இன்னொரு விசித்திரமும் இதில் உண்டு. சுற்றியுள்ள சுவரை உயர்த்திக் கதவுகளை அடைத்தால் அயலவர் நன்மை பெறுவர். உள்ளே இருப்பவருக்கோ சுவரில் மோதித் திரும்பும் ஓசையும் சேர்ந்து இரைச்சல் கூடிவிடலாம். வேலிக்கு வெளியே அமைதி நிலவுவது உள்ளே பாதுகாப்பு நிலவுகிறது என்பதற்குச் சான்றாகாது.

டெசிபல் என்ற அளவுகோலைப் பற்றிச் சற்று விளக்கமாகக் கூறவேண்டியுள்ளது. இது சாதாரண கூட்டல் கணக்கில் அடங்குவதன்று. ஒரே அளவான ஓசை எழுப்பும் இரண்டு இயந்திரங்கள் ஒரு மண்டபத்தில் ஓடுகின்றன என்று கொள்வோம். ஒன்று தனியே 95 டெசிபல் தருமானால் இரண்டும் சேர்ந்து தருவது 190 அன்று, 98 மட்டுமே. அதாவது மூன்று டெசிபல் கூடும்போது ஒலியாற்றல் இருமடங்காகின்றது. மனிதச் செவி இந்த மூன்று டெசிபலைப் பெரிய வேறுபாடாக உணர்வதில்லை. ஆனால் உட்செவி அடையும் பாதிப்பு, ஆற்றலின் கணக்கிலேயே நிகழ்கின்றது. இதனால்தான் பழக்கப்பட்ட தொழிலாளி ‘இது எனக்குப் பெரிய சத்தமாகத் தெரியவில்லை’ என்று உண்மையாகவே கூறும்போதும் அவர் ஆபத்தில் இருக்கிறார்.

இன்று உலகின் பெரும்பாலான தொழிற்சுகாதார அமைப்புகள் ஏற்றுள்ள கணக்கின்படி, எட்டு மணி நேர வேலைநாளுக்கு 85 டெசிபல் என்பது எச்சரிக்கை எல்லையாகும். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அனுமதிக்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபலில் நான்கு மணி நேரம், 91இல் இரண்டு, 94இல் ஒரு மணி நேரம், 97இல் அரை மணி நேரம், 100 டெசிபலில் வெறும் பதினைந்து நிமிடங்கள். டீசல் மின்பிறப்பாக்கிகள் ஓடும் மூடிய மண்டபங்களில் 95 முதல் 105 டெசிபல் வரை பதிவாவது உலகெங்கும் வழக்கமான ஒன்று. 97 டெசிபலில் எட்டு மணி நேரம் கழிக்கும் ஒருவர், ஒரே நாளில் பதினாறு நாட்களுக்குரிய ஒலிச்சுமையை ஏற்றுவிடுகிறார். எட்டு மணி நேரக் கடமை பன்னிரண்டு மணி நேரமாக நீளுமானால் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். கடமை முடிந்து வீடு திரும்பும் அவரது செவிக்கு ஓய்வு கிடைக்கும் நேரமும் அதே அளவு குறைந்துவிடும்.

எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறோம் என்பதும் முக்கியமானது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகத்தின் பழைய விதி 90 டெசிபலை எல்லையாகக் கொண்டது. ஐந்து டெசிபலுக்கு ஒருமுறையே நேரத்தைப் பாதியாக்குவது. அந்த விதியின்படி 100 டெசிபல் இரைச்சலில் ஒருவர் இரண்டு மணி நேரம் நிற்கலாம். முன்னர் கூறிய கணக்கின்படி பதினைந்து நிமிடங்களே நிற்கலாம். ஒரே இடம், ஒரே இயந்திரம், ஒரே மனிதர். ஆனால் அனுமதிக்கப்படும் நேரத்தில் எட்டு மடங்கு வேறுபாடு. ஆகவே ‘சட்டபூர்வ எல்லைக்குள் இருக்கிறது’ என்று ஒரு நிறுவனம் அறிக்கை தரும்போது, எந்த எல்லை என்று கேட்கும் பழக்கம் தொழிற்சங்கங்களுக்கு வரவேண்டும்.

இனி, இரைச்சலால் வரும் செவிப்புலன் இழப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பார்ப்போம். உட்செவியில் நத்தையோடு போன்ற உறுப்பினுள் மிக நுண்ணிய மயிர்க்கலங்கள் உள்ளன. ஒலி அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுபவை இவையே. மிகையான ஒலி இவற்றைக் களைப்படையச் செய்கின்றது. ஓய்வு கிடைத்தால் ஓரளவு மீளும்; ஓய்வின்றி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் இறந்துவிடும். மனிதரில் இறந்த மயிர்க்கலம் மீண்டும் முளைப்பதில்லை. மருந்தோ சத்திர சிகிச்சையோ அவற்றை மீட்டுத் தராது. செவியுதவிக் கருவி ஒலியைப் பெருக்கும். ஆனால் இழந்த தெளிவை முழுமையாகத் தராது.

இந்த இழப்பு முதலில் 4,000 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டிய பகுதியில் தொடங்குவது இதன் தனித்தன்மை. பேச்சில் உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த அதிர்வெண்களில் வலுவாக ஒலிக்கும். ச, ஸ, த, ப போன்ற மெய்யொலிகளின் கூர்மை உயர்ந்த அதிர்வெண்களில் அமைந்திருக்கும். ஆகவே பாதிக்கப்பட்டவருக்குக் குரல் கேட்கும்; சொல் பிடிபடாது. ‘பல்’ என்றார்களா, ‘கல்’ என்றார்களா என்ற மயக்கம் வரும். பெண்களின் குரலும் சிறுவர்களின் குரலும் முதலில் மங்கும். நம் வீடுகளில் முதியவர் ஒருவர் ‘கேட்குது, விளங்கேல்லை’ என்று சொல்லும்போது அதை வயதின் குறை என்று விட்டுவிடுகிறோம். அவர் நாற்பது வயதிலேயே அப்படிச் சொல்லத் தொடங்கினாரா, முன்னர் என்ன தொழில் செய்தார் என்று கேட்பவர் அரிது. இத்துடன் பலருக்கு ஓயாத காதிரைச்சலும் சேர்ந்துகொள்கிறது. இயந்திரம் நிறுத்தப்பட்ட பின்னரும் அவர்களது தலைக்குள் ஒன்று ஓடிக்கொண்டேயிருக்கும்.

நயினாதீவில் ஆலய மணியும் விகாரையின் பிரித் ஓதலும் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒரே கடற்காற்றில் கலந்து வருகின்றன. இந்த ஓசைகளையெல்லாம் மெல்ல மெல்ல இழப்பது ஒரு மனிதருக்கு என்ன பொருள் தரும் என்பதை டெசிபல் அட்டவணை சொல்லாது. இது உணர்வு சார்ந்த விடயம் மட்டுமன்று. படகோட்டியின் செவி மங்குவது பயணிகளின் பாதுகாப்பையும் பாதிக்கின்றது. எதிரே வரும் படகின் ஊதல், கடலில் தவறி விழுந்தவரின் கூக்குரல், இயந்திரத்தின் ஓசையில் ஏற்படும் சிறு மாற்றம் ஆகிய எல்லாவற்றையும் செவியாலேயே அறியவேண்டிய தொழில் அது. நெடுந்தீவுக்கான பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீடிப்பது. காற்றுக்காலத்தில் அதற்கும் மேலாகும். குமுதினி, வடதாரகை போன்ற படகுகளின் பணியாளர் கைகளில்தான் அத்தனை உயிர்களும் ஒப்படைக்கப்பட்டுள்ளன.

படகுகளைப் பொறுத்தவரை சட்டத்தின் பாதுகாப்பு மேலும் மெலிந்தது. நமது தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத்தைக் கொண்டது. 1937ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டத்தைத் தழுவியது. ஒரு கட்டடத்தை, ஒரு வளாகத்தை மனதில் கொண்டு எழுதப்பட்ட அச்சட்டத்தின் பார்வை, கடலில் ஓடும் பயணிகள் படகின் மீது விழுவதில்லை. மறுபுறத்தில், சர்வதேச கடல்சார் அமைப்பு கப்பல்களுக்கென இரைச்சல் விதிக்கோவை ஒன்றை வகுத்து 2014 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அது 1,600 மொத்தத் தொன்னும் அதற்கு மேற்பட்டதுமான கப்பல்களுக்கு உரியது. குறிகட்டுவான் படகு தொழிற்சாலைச் சட்டத்துக்கு மிகவும் அசைவது. கப்பல் விதிக்கு மிகவும் சிறியது. இரண்டுக்கும் இடையில் விழுந்துபோன மனிதரே அதன் இயந்திரத்தருகில் நிற்பவர்.

நிறுவனங்கள் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தேசிய தொழிற்பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவகம் 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. தொழில் திணைக்களத்தில் தொழிற்சாலைகளைப் பரிசோதிக்கும் பொறியியலாளர்கள் உள்ளனர். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கடமைகளில் தொழிற்சுகாதாரமும் ஒன்று. 2022 ஜூனில் சர்வதேச தொழிலாளர் மாநாடு, பாதுகாப்பானதும் ஆரோக்கியமானதுமான தொழிற்சூழலை அடிப்படைத் தொழில் உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அதன் பின்னர் இது அங்கத்துவ நாடுகள் விரும்பினால் செய்யும் சலுகை என்ற நிலை மாறிவிட்டது. பாக்கு நீரிணைக்கு அப்பால், இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இரைச்சலால் வரும் செவிப்புலன் இழப்பை அறிவிக்கப்படவேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. அங்கு நடைமுறை எந்த அளவுக்கு இருந்தது என்பது வேறு விடயம். ஆயினும் நோய்க்கு ஒரு பெயரும் அதைப் பதிய ஓர் ஏடும் இருந்தால்தான் பிறகு கேள்வி கேட்கவாவது முடியும்.

இந்த விடயத்தை இப்போது எழுப்பவேண்டிய காரணம் ஒன்று உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய சக்தி, காற்று சக்தி, மின்கலச் சேமிப்பு ஆகியவற்றை இணைத்த கலப்பு மின்திட்டம் வகுக்கப்பட்டது. 2021 ஜனவரியில் இத்திட்டம் சீன நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டதும், இந்தியா ஆட்சேபித்ததும், பின்னர் இந்தியாவின் 1 கோடி 10 இலட்சம் டொலர் நன்கொடையுடன் அது மாற்றியமைக்கப்பட்டதும், 2024 மார்ச் முதலாம் திகதி பெங்களூரைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானதும் வாசகர்கள் அறிந்தவையே. இரு வல்லரசுகளின் போட்டியாக இதைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம். அந்த இயந்திர மண்டபங்களில் வேலை செய்வோரைப் பற்றி அவற்றில் ஒரு வரி கிடைப்பது கடினம்.

கலப்புத் திட்டம் வந்தால் இரைச்சல் தானாகவே நீங்கிவிடும் என்ற எண்ணமும் பலரிடம் காணப்படுகிறது. திட்டத்தின் விபரங்களைப் பார்த்தால் அது முழுமையாக உண்மையன்று என்பது புலனாகும். 1,700 கிலோவாற் சூரிய சக்தி, 530 கிலோவாற் காற்று சக்தி, 2,400 கிலோவாற் மணி மின்கலச் சேமிப்பு என்பவற்றுடன், 2,500 கிலோவாற் டீசல் மின்பிறப்பாக்கிகளும் துணை ஏற்பாடாக அதே திட்டத்தில் அடங்கியுள்ளன. டீசல் ஓடும் மணித்தியாலங்கள் குறையும் என்பது பெரும் நன்மை. ஒலிச்சுமை நேரத்தோடு நேராகக் குறைவது என்பதை முன்னரே கண்டோம். ஆனால் டீசல் முற்றாக மறையப்போவதில்லை. மேகம் மூடிய நாளிலும், காற்று விழுந்த மாலையிலும், திருவிழாக் காலத்தில் மின்தேவை ஏறும் இரவிலும் அதுவே ஓடும். ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் எழுவைதீவில் இத்தகைய கலப்பு முறை முன்னரே நிறுவப்பட்டது. ஆகவே மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஊழியரின் செவியில் விழும் ஒலியை அளந்து ஒப்பிடும் வாய்ப்பு அங்கே முதலில் இருந்தது. மற்றைய மூன்று தீவுகளிலாவது அதைத் தவறவிடலாகாது.

இதனினும் அவசரமான ஒன்று மின்துறை மறுசீரமைப்பு. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டமும் அதைத் தொடர்ந்த திருத்தமும் இலங்கை மின்சார சபையின் பணிகளைத் தனித்தனி நிறுவனங்களுக்குப் பிரித்தளிக்கும் வழியைத் திறந்தன. தொழில் வழங்குநர் மாறும்போது சம்பளம், ஓய்வூதியம், சேவைக்காலம் ஆகியவற்றைப் பற்றிச் சங்கங்கள் உரத்துப் பேசுகின்றன, பேசத்தான் வேண்டும். ஆனால் பல ஆண்டுகள் டீசல் மண்டபத்தில் நின்ற ஊழியரின் செவிப்புலன் கைமாறும் நாளில் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு ஏதாவது பதிவு உண்டா? இல்லையென்றால், நாளை அவர் முறையிடும்போது புதிய நிறுவனம் ‘இது எங்களிடம் வருவதற்கு முன்னர் நேர்ந்தது’ என்று கூறும். பழைய நிறுவனம் பதில் சொல்லும் நிலையில் இருக்காது. வயதால் வந்தது என்று மூன்றாவதாக ஒருவர் கூறுவார். ஒரு தாளில் வரையப்பட்ட செவிப்புலன் வரைபடம் இருந்தால் இந்த மூன்று பதில்களுக்கும் இடமில்லாமற் போகும். இழப்பீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் செய்யவேண்டிய வேலை இதுவே. இதற்குப் பாராளுமன்றத்தில் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அளவீடு செய்வது பெரும் செலவு பிடிக்கும் வேலையுமன்று. ஒலியளவுக் கருவி ஒன்றும், தோளில் பொருத்தி முழுநாள் ஒலிச்சுமையைப் பதிவுசெய்யும் சிறு கருவி சிலவும் போதும். மண்டபத்தின் நடுவில் ஒரு தடவை பிடித்துப் பார்த்து எழுதும் எண்ணுக்குப் பெறுமதி குறைவு. ஊழியர் எங்கெங்கு நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், எத்தனை இயந்திரங்கள் அப்போது ஓடின என்ற குறிப்புடன் எடுக்கும் அளவே பயன்தரும். கருவி கிடைக்காத சிறு பட்டறைக்கும் ஒரு வழியுண்டு. ஒரு கை நீளத் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடியவில்லையென்றால் அந்த இடம் 85 டெசிபலைத் தாண்டியிருக்கும் என்று கொள்ளலாம். கைத்தொலைபேசியில் இயங்கும் ஒலியளவுச் செயலிகள் நீதிமன்றத்தில் சான்றாகா. ஆனால் எச்சரிக்கை பெறப் போதுமானவை.

கட்டுப்படுத்தும் முறைகளில் நமது வழக்கம் தலைகீழானது. காதடைப்பானை வாங்கிக் கொடுத்து, கையொப்பம் பெற்று, கோவையில் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். உண்மையில் அது கடைசியாக நாடவேண்டியது. முதலாவது, ஓசை பிறக்கும் இடம். தளர்ந்த ஆணிகள், தேய்ந்த றப்பர்த் தாங்கிகள், ஓட்டை விழுந்த புகைப்போக்கிச் சைலன்சர் ஆகியவற்றைச் சீர்செய்வது பராமரிப்பு வேலை; அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அடுத்தது, ஓசை வரும் வழி. தகரக்கூரையும் வெறும் சுவரும் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புபவை. அவற்றுக்கு ஒலியுறிஞ்சும் பூச்சோ பலகையோ இடலாம். எல்லாவற்றிலும் மேலானது, மின்பிறப்பாக்கி மண்டபத்திலிருந்து பிரிக்கப்பட்ட, இரட்டைக் கண்ணாடியும் இறுக மூடும் கதவும் கொண்ட கட்டுப்பாட்டு அறை. ஊழியர் அளவுமானிகளைப் பார்க்க மட்டும் மண்டபத்துக்குள் சென்று திரும்பினால், எட்டு மணி நேரச் சுமை சில நிமிடங்களாகச் சுருங்கும். புதிய கலப்பு நிலையங்களின் கட்டட வரைபடத்திலேயே இதற்கு இடமிருக்க வேண்டும். கட்டி முடித்த பின்னர் சேர்ப்பது பலமடங்கு செலவு. அந்தக் கதவைத் திறந்தே வைக்கும் பழக்கம் இருந்தால் அறை இருந்தும் பயனில்லை. தீவின் வெக்கையில் குளிரூட்டியோ காற்றோட்டமோ இல்லாத அறையின் கதவு திறந்தே கிடக்கும் என்பதையும் வரைபடம் வரைபவர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

படகில் இடம் குறைவு; தூரம் என்ற பாதுகாப்பு கிடையாது. ஆயினும் இயந்திரத்தைச் சுற்றி இறுக மூடும் பெட்டி, அதன் உட்புறத்தில் தீப்பற்றாத ஒலியுறிஞ்சும் படலம், மூடியின் விளிம்பில் றப்பர், அடியில் அதிர்வு தாங்கிகள், புகைக்குழாய்க்குச் சரியான சைலன்சர் ஆகியவை செய்யத்தக்கவை. பெட்டி இயந்திரத்தைச் சூடாக்கும் என்று படகு உரிமையாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. காற்று உள்ளே வரவும் வெப்பம் வெளியேறவும் வளைந்த வழி அமைத்தால்தான் அது நிற்கும். எரிபொருள் விலையும் உதிரிப்பாக விலையும் ஏறியிருக்கும் நாட்களில் இந்தச் செலவை உரிமையாளரின் தலையில் மட்டும் சுமத்துவது நடவாத காரியம். இறங்குதுறைகளைத் திருத்தவும் பயணிகள் படகுகளைப் பரிசோதிக்கவும் பொதுப்பணம் செலவிடப்படும்போது இயந்திரப் பெட்டிக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்க வழியுண்டு. இறங்குதுறையில் பயணிகளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தி வைப்பதற்கோ எவரும் பணம் தரவேண்டியதில்லை.

காதுக் கவசங்களைப் பற்றி ஒரு கணக்கு. 25 டெசிபல் குறைக்கக்கூடிய கவசத்தைக் கடமை நேரத்தில் பாதி மட்டும் அணிந்தால், அந்த நாள் முழுவதற்கும் கிடைக்கும் பாதுகாப்பு ஏறக்குறைய மூன்று டெசிபல் மட்டுமே. அணியாத பாதி நேரம் சுமையின் பெரும்பங்கை உள்ளே கொண்டுவந்துவிடும். வியர்வை ஒழுகும் வெக்கையில் பெரிய காதுமூடியை எட்டு மணி நேரம் அணியச் சொல்வது எளிது, அணிவது எளிதன்று. குருநகர் வலைத் தொழிற்சாலை போன்ற, பின்னல் இயந்திரங்கள் ஓடும் இடங்களிலும் தையல் ஆலைகளிலும் பெண்கள் வேலை செய்கின்றனர். தலையை மூடும் துணிக்கு மேல் காதுமூடியை வைத்தால் இடைவெளி வழியே ஓசை கசிந்து பாதுகாப்புப் பெருமளவு குறையும். முஸ்லிம் பெண் தொழிலாளருக்குத் துணியின் கீழ் செவிக்குள் பொருந்தும் அடைப்பானே ஏற்றது. அதைச் சரியாகச் செருகும் முறையைப் பெண் பயிற்றுநர் ஒருவர் தனியிடத்தில் கற்றுத்தரவேண்டும். இத்தகைய சிறு விடயங்களைக் கொழும்பிலிருந்து வரும் சுற்றறிக்கைகள் கவனிப்பதில்லை.

தொழிலாளர் பக்கத்திலும் தயக்கம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. செவி மங்கியது தெரிந்தால் வேலை போய்விடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. படகோட்டிக்கு அது உரிமப் பிரச்சினை. மின்நிலைய ஊழியருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு இழப்பு. ஆகவே பரிசோதனையின் முடிவு ஊழியரின் கைக்கே முதலில் வரவேண்டும். அதைக் காரணங்காட்டி வேலைநீக்கம் செய்யப்படமாட்டாது என்ற எழுத்துமூல உறுதிமொழியும் வேண்டும். சங்கங்கள் முதலில் பேசித் தீர்க்கவேண்டியது இதைத்தான்.

இறுதியாக, நடைமுறைச் சிக்கல் ஒன்று. அடிப்படைச் செவிப்புலன் பரிசோதனை சரியாக அமைய, அதற்கு முந்திய பதினான்கு மணி நேரமாவது செவி பேரிரைச்சலுக்கு உட்படாமல் இருக்கவேண்டும். இல்லையேல் தற்காலிகக் களைப்பு நிரந்தர இழப்புபோல வரைபடத்தில் பதிவாகிவிடும். நெடுந்தீவு மின்நிலைய ஊழியர் ஒருவர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வரவேண்டுமானால், அதிகாலைப் படகில் இயந்திரத்தருகே ஒரு மணி நேரம் அமர்ந்துதான் வரவேண்டும். அன்றே பரிசோதித்தால் முடிவு பிழைத்துவிடும். ஒன்றில் அவருக்கு முதல் நாளே விடுப்பும் யாழ்ப்பாணத்தில் தங்க இடமும் கொடுக்கவேண்டும். அல்லது பரிசோதனைக் கருவியையும் ஒலிபுகாத சிறு கூண்டையும் நெடுந்தீவு வைத்தியசாலைக்கு ஆண்டுக்கு ஒரு தடவையாவது கொண்டுசெல்லவேண்டும். எது மலிவு என்பதைச் சுகாதாரத் திணைக்களமும் மின்துறையும் ஒரு மேசையில் அமர்ந்தால் அரை நாளில் கணக்கிட்டுவிடலாம்.